40 மணி நேரப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: மதுரையில் வங்கி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, திருமணத்துக்குப் பின் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குடியேறியவள் நான். பி.காம். படித்திருக்கிறேன். எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கான வேலை அனுமதி அட்டை அண்மையில் கிடைத்தது. '40 மணி நேரம் இணையத்தில் படித்தால் பிஹேவியர் டெக்னீஷியன் ஆகலாம்' என்ற விளம்பரங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. என் நாத்தனார் மகனுக்கு ஆட்டிசம் இருப்பதால் இந்தத் துறையில் எனக்கு ஈடுபாடு உண்டு. இந்தப் படிப்பு மட்டும் போதுமா? ஊருக்குத் திரும்பினால் அங்கே இது செல்லுபடியாகுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போதாது. பிஹேவியர் டெக்னீஷியன் என்பவர், நடத்தைப் பகுப்பாய்வாளர் என்ற நிபுணரின் மேற்பார்வையில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பேச்சு, அன்றாடப் பழக்கங்கள் போன்றவற்றைப் படிப்படியாகக் கற்றுத் தருபவர். அந்த விளம்பரங்களில் இருப்பது பொய்யில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்கிறார்கள். 40 மணி நேரப் பயிற்சியை முடித்தால் பயிற்சி முடித்ததற்கான சான்று கிடைக்கும். வேலைக்குப் பயன்படும் ஆர்.பி.டி. (ரெஜிஸ்டர்டு பிஹேவியர் டெக்னீஷியன்) தகுதியை வழங்குவது பி.ஏ.சி.பி. என்ற அமெரிக்கச் சான்றளிப்பு வாரியம். அது 1998-இல் தொடங்கப்பட்டது, ஆர்.பி.டி. தகுதியை 2014-இல் அறிமுகப்படுத்தியது. 18 வயது நிறைவு, பள்ளி இறுதிப் படிப்பு, குற்றப் பின்னணிச் சோதனை, 40 மணி நேரப் பயிற்சி, திறன் மதிப்பீடு, இறுதியாக ஒரு தேர்வு என்று அதற்குப் பல படிகள் உண்டு. உங்கள் பி.காம். இதற்குத் தேவைக்கும் அதிகமான படிப்பே.

பயிற்சியை இணையத்திலேயே முடிக்கலாம். ஆனால் அதை 5 நாட்களுக்குக் குறையாமலும் 180 நாட்களுக்கு மிகாமலும் முடிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரு சனி, ஞாயிறில் முடித்துத் தருகிறோம் என்று யாரேனும் சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். கலிபோர்னியாவில் உள்ள ஆட்டிசம் பார்ட்னர்ஷிப் ஃபவுண்டேஷன் இந்தப் பயிற்சியை இலவசமாகவே இணையத்தில் வழங்கிவருகிறது என்பதால், நூற்றுக்கணக்கான டாலர் கேட்பவர்களிடம் அப்படி என்ன கூடுதலாகத் தருகிறீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தேர்வும் அச்சுறுத்தக் கூடியதல்ல. 85 கொள்குறி வினாக்கள், 90 நிமிடங்கள்; அவற்றில் 75 வினாக்களுக்கே மதிப்பெண் உண்டு. வங்கித் தேர்வு எழுதிய உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

கடினமான பகுதி திறன் மதிப்பீடு. தகுதி பெற்ற நடத்தைப் பகுப்பாய்வாளர் ஒருவர், நீங்கள் சில திறன்களைக் குழந்தையோடு செய்துகாட்டுவதைப் பார்த்து மதிப்பிட வேண்டும். ஒரு குழந்தை பந்தைக் கேட்கக் கற்றுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தைக் காட்டிவிட்டு எவ்வளவு நேரம் காத்திருப்பது, எப்போது சொல் எடுத்துக் கொடுப்பது, குழந்தை அரைகுறையாக ஒலித்தாலும் பந்தை உடனே கையில் கொடுப்பதா, அந்த உதவியை அடுத்த முறை எவ்வாறு குறைப்பது என்று சில நொடிகளில் முடிவெடுத்துக்கொண்டே, நடந்ததை ஒவ்வொன்றாகக் கருவியில் பதிவும் செய்ய வேண்டும். காணொளியில் இதன் பெயர்களையும் ஒழுங்கையும் கற்கலாம். கை பழகுவது குழந்தையின் எதிரில் உட்கார்ந்த பிறகுதான்.

தகுதி பெற்ற பின்னும் தனியாகப் பணிபுரிய முடியாது. மாதந்தோறும் நீங்கள் வேலை செய்யும் நேரத்தில் குறைந்தது 5 விழுக்காடு மேற்பார்வையில் நடக்க வேண்டும். 80 மணி நேரம் வேலை செய்தால் 4 மணி நேரம். மேற்பார்வையாளர் இல்லாவிட்டால் சான்றிதழ் இருந்தும் பயனில்லை. ஆகவே நான் சொல்வது இதுதான்: பயிற்சியை முதலில் தேடாதீர்கள், பணியிடத்தைத் தேடுங்கள். பல சிகிச்சை மையங்கள் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு, பயிற்சிச் செலவையும் மதிப்பீட்டையும் தாமே பார்த்துக்கொள்கின்றன. நேர்காணலுக்குப் போகும்போது, மேற்பார்வையாளர் யார், அவர் எத்தனை நாளுக்கொரு முறை நேரில் வருவார், பயிற்சி நேரத்துக்கு ஊதியம் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். குழந்தையின் குடும்பத்தார் கடைசி நேரத்தில் வர முடியாது என்றால் அன்றைய கூலி என்னவாகும் என்பதையும் கேளுங்கள். மணிக்கணக்கில் ஊதியம் பெறுவோரைப் பெரிதும் வாட்டுவது இந்த ரத்துகளே. ஒரே நாளில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் செல்லும் பயண நேரம், ஊழியராகச் சேர்ந்தவர்களுக்கு அமெரிக்கத் தொழிலாளர் சட்டப்படி வேலை நேரமே என்பதையும் மனத்தில் வையுங்கள். கார் ஓட்டத் தெரியாவிட்டால், வீடு வீடாகப் போகும் வேலையைத் தவிர்த்து மையத்திலேயே நடக்கும் வேலையாகப் பாருங்கள்.

வேலையைப் பற்றி இரண்டு விஷயங்களை மறைக்க விரும்பவில்லை. முதலாவது, இது உடலுழைப்பு: தரையில் உட்கார்ந்து எழ வேண்டும், கழிப்பறைப் பழக்கம் கற்றுத் தர வேண்டும், கடியும் அடியும் படலாம். இரண்டாவது, இத்துறைக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. உளவியலாளர் இவார் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், தீவிரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் படிக்கும் நிலையை எட்டியதாகக் குறிப்பிட்டார். இத்துறை பரவியதற்கு அது பெரிய காரணம். ஆனால் அக்காலப் பயிற்சிகளில் அடித்தலும் தண்டனைகளும் இடம்பெற்றிருந்தன. குழந்தையை மற்றவர்களைப் போல நடிக்க வைப்பதே நோக்கமாக இருந்தது என்று, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இன்றும் எழுதுகிறார்கள். அவர்களின் எழுத்தைப் படியுங்கள். மையத்தில், குழந்தை 'வேண்டாம்' என்று உணர்த்தினால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். வரும் பதிலிலேயே அந்த இடத்தின் தரம் தெரிந்துவிடும். பாட்டி தாத்தா தமிழ் மட்டுமே பேசும் வீடுகளில், உங்கள் தமிழ் குழந்தைக்கும் குடும்பத்துக்கும் மிகப் பெரிய உதவியாக இருக்கும். அதைத் தயங்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

ஊருக்குத் திரும்புவது பற்றி: 2023 ஜனவரி முதல், அமெரிக்கா, கனடா உள்ளிட்ட சில நாடுகளில் வசிப்பவர்களிடமிருந்து மட்டுமே பி.ஏ.சி.பி. புதிய விண்ணப்பங்களை ஏற்கிறது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியாவில் சிறப்பாசிரியர் உள்ளிட்ட மறுவாழ்வுத் துறையினரைப் பதிவு செய்வது, 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கழகம். அதன் பதிவைப் பெற, அது அங்கீகரித்த படிப்பை முடித்திருக்க வேண்டும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தில் அத்தகைய சிறப்புக் கல்விப் படிப்புகள் நடக்கின்றன. அங்கே உங்களுக்குக் கைகொடுக்கப் போவது இங்கே பெறும் அனுபவம். சான்றிதழை மட்டும் காட்டிப் பதிவு பெற இயலாது. திரும்பும் எண்ணம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இருக்குமானால், இங்கே வேலையில் சேர்ந்துகொண்டே அந்தப் படிப்புகளின் சேர்க்கை விவரங்களையும் இப்போதே விசாரித்து வையுங்கள்.