கவுண்டி ‘பேரிடர் பகுதி’ ஆனால் நிவாரணம் தானாக வந்துவிடுமா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், எட்வர்ட்ஸ் பீடபூமிப் பகுதியில் ஆடு வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “வறட்சி காரணமாக எங்கள் கவுண்டியை (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மத்திய வேளாண் துறை பேரிடர் பகுதியாக அறிவித்துள்ளது. எங்களிடம் 120 ஆடுகளும் குத்தகைக்கு எடுத்த 200 ஏக்கர் மேய்ச்சல் நிலமும் உள்ளன. நிவாரணத் தொகை எப்போது வரும்?”

அந்த அறிவிப்பினால் மட்டும் உங்களுக்கு நிவாரணத் தொகை வராது. வேளாண் அமைச்சரின் பேரிடர் அறிவிப்பு முதன்மையாகத் திறந்துவிடுவது அவசரக் கடனை. அதுவும் வேறெங்கும் நியாயமான கடன் கிடைக்காதவர்களுக்கு, 8 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் மட்டுமே. பல குடும்பங்கள் இந்த அறிவிப்பை நம்பிக் காத்திருந்தே காலக்கெடுவைத் தவறவிடுகின்றன என்பதால் இதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

திருப்பிச் செலுத்த வேண்டாத தொகை உங்களுக்கு வர வேண்டிய வழி, எல்.எஃப்.பி. எனப்படும் மேய்ச்சல் இழப்பு நிவாரணத் திட்டம். இதற்கு அளவுகோல் அமைச்சரின் அறிவிப்பு அன்று. வியாழன்தோறும் வெளியாகும் வறட்சி வரைபடம். மேய்ச்சல் பருவத்தில் உங்கள் கவுண்டியின் ஏதேனும் ஒரு பகுதி, டி3 என்னும் அதிகடும் வறட்சி நிலையை ஒருமுறை தொட்டாலே மூன்று மாதத் தொகைக்குத் தகுதி கிடைக்கும். அதைவிடக் கடுமையான டி4 நிலையைத் தொட்டால் நான்கு மாதம், அந்த நிலை நான்கு வாரம் நீடித்தால் ஐந்து மாதம். டி3-ஐவிட ஒரு படி குறைந்த டி2 நிலையில் தகுதி பெற, முன்பு அந்த நிலை தொடர்ந்து 8 வாரங்கள் நீடிக்க வேண்டியிருந்தது. 2025-இல் சட்டம் திருத்தப்பட்ட பின் 4 வாரங்களே போதும்.

தொகை கணக்கிடப்படும் முறைதான் பலருக்கு ஏமாற்றம் தருகிறது. உங்கள் கால்நடைகளுக்கு ஆகும் மாதத் தீவனச் செலவு, உங்கள் நிலம் தாங்கக்கூடிய கால்நடைகளுக்கு ஆகும் தீவனச் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ, அதில் 60 சதவீதம் வழங்கப்படும். நான்கு ஆடுகள் ஒரு இறைச்சி மாட்டுக்குச் சமமாகக் கொள்ளப்படுவதால் உங்கள் 120 ஆடுகள் 30 மாடுகளாகக் கணக்கில் வரும். உங்கள் பகுதி நிலத்தில் ஒரு மாட்டுக்கு 20 ஏக்கர் வேண்டும் என்று கவுண்டிக் குழு நிர்ணயித்திருந்தால், 200 ஏக்கர் 10 மாடுகளையே தாங்கும். தொகையும் அந்தப் பத்துக்குத்தான். எனவே நீங்கள் மேய்க்கும் ஒவ்வொரு ஏக்கரும் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

இங்கேதான் குத்தகை சிக்கலாகிறது. பக்கத்து நிலத்துக்காரரிடம் வாய்மொழியாகப் பேசி மேய்ப்பது கிராமப்புறத்தில் வழக்கம்தான், ஆனால் வறட்சிக் காலத்தில் அந்த நிலம் உங்கள் பொறுப்பில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். நில உரிமையாளரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். அதை எடுத்துக்கொண்டு உங்கள் கவுண்டியில் உள்ள, எஃப்.எஸ்.ஏ. எனப்படும் வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை அலுவலகத்தில் பண்ணை எண் பெற்று, 578-ஆம் எண் படிவத்தில் பரப்பளவைப் பதியுங்கள். ஆடுகள் வறட்சி தொடங்குவதற்கு முந்தைய 60 நாட்களில் உங்களிடம் இருந்தன என்பதற்கு வாங்கிய ரசீதோ மருத்துவச் சீட்டோ உதவும். வறட்சியால் விற்றுவிட்ட ஆடுகளுக்கும் குறைந்த விகிதத்தில் தொகை உண்டு என்பதால் சந்தை ரசீதுகளைத் தூக்கி எறிய வேண்டாம்.

மென்பொருள் வேலையோடு பண்ணையும் நடத்தும் நம்மவர்கள் இரண்டு நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். ஆடுகள் விற்பனை நோக்கில் வளர்க்கப்பட்டிருக்க வேண்டும். செல்லப் பிராணிகளுக்கு இத்திட்டம் பொருந்தாது. மூன்றாண்டுச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலருக்கு மேல் இருந்தால் பொதுவாகத் தகுதி கிடையாது.

மேய்ச்சல் நிலத்துக்குத் தண்ணீர் லாரி வைக்க நேர்ந்தால், அந்தக் கூடுதல் செலவுக்கு எலாப் என்னும் தனித் திட்டம் உள்ளது. அதற்கு இழப்பு அறிவிப்பைத் தனியாகத் தர வேண்டும். எல்.எஃப்.பி. விண்ணப்பக் காலக்கெடு மறு ஆண்டின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும் என்பதால், இந்த வாரமே அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து நேரம் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.