சமையல் வழியாகப் பிள்ளைகள் பள்ளிப் பாடங்களைக் கற்க முடியுமா?

நிச்சயமாக முடியும், இட்லி மாவு ஒன்றே பல பாடங்களுக்குப் போதும். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால், மூன்று குவளை அரிசிக்கு உளுந்து எவ்வளவு என்று கேளுங்கள். விகிதமும் பின்னமும் ஒருங்கே விளங்கும். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மாவிலுள்ள சர்க்கரையைச் சிதைத்து வெளியிடும் கார்பன் டை ஆக்சைடை, உளுந்தின் பசைத்தன்மை பிடித்து வைத்துக்கொள்வதால்தான் மாவு பொங்குகிறது. ஒரே மாவை இரு கிண்ணங்களில் பிரித்து, ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியிலும் மற்றதை வெளியிலும் வைத்து, மணிக்கொரு முறை உயரத்தை அளந்து வரைபடமாக்கச் செய்தால், அது முறையான அறிவியல் சோதனையாகவே அமையும். நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். சட்னியில் வரலாறும் உண்டு: அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய மிளகாய், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாகவே இந்தியாவுக்கு வந்தது. செய்முறையைச் சொந்த நடையில் எழுதினால் மொழிப் பயிற்சியும் ஆகும். அடுப்பருகே மட்டும் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.