உரும்பிராய்க் கிணற்றுத் தண்ணீரில் சலாது: குழாய் பூட்ட முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: யாழ்ப்பாணத்து உரும்பிராயில் வீட்டு வளவுக்குள் அரைப் பரப்புக் காணி சும்மா கிடக்கிறது. மண்ணில்லாமல் உரத்தண்ணீரில் வளர்க்கும் ஹைட்ரோபொனிக்ஸ் முறையில் சலாது (லெட்யூஸ்) வளர்த்து விற்கலாம் என்று யோசிக்கிறேன். கையில் 25,000 ரூபாதான் உண்டு. பி.வி.சி. குழாயும் சின்ன மோட்டரும் பூட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கேட்கிற காசு அதைவிடக் கூட. முதலில் வாளியில் கிணற்றுத் தண்ணீரும் யூரியாவும் கலந்து 10 கன்று வைத்துப் பார்த்தேன். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. மூன்றாம் கிழமை எல்லாம் போய்விட்டது. எங்கே பிழை விட்டேன்?

பதில்: ஐயா, நீங்கள் 10 கன்றோடு நிறுத்தியது நல்லது. அதே தண்ணீரைக் குழாயில் ஓடவிட்டிருந்தால் எல்லாக் கன்றும் அதே மாதிரித்தான் மஞ்சளாகியிருக்கும்.

யூரியா மண்ணுக்கு உரியது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை நைத்திரேற்றாக மாற்றிக் கொடுத்தால்தான் பயிர் நன்றாக எடுக்கும். வாளித் தண்ணீரில் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. தோட்டத்துக்குப் போடும் டீ.எஸ்.பி. உரமும் இதற்கு ஆகாது, சரியாகக் கரையாமல் அடியில் மண்டியாகக் கிடக்கும். ஆனால் இளம் இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக நிற்பது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். யூரியாவில் இரும்பு இல்லை. நீங்கள் இரும்பு சேர்த்திருந்தாலும் அந்தத் தண்ணீர் அதைக் கன்றுக்கு விட்டிருக்காது.

வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் உதிர்கிற படிவு இருக்கும். உரும்பிராய் இருக்கிற வலிகாமத்துக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் வெட்டியவை. அந்தக் கல் கரைந்து வந்த பைகாபனேற்றின் படிவுதான் அது. காய்ச்சும்போது கேத்தலில் படிகிற அதே சரக்குத்தான் உங்கள் வாளியில் பீ.எச். எனும் அமில-கார அளவை 7.5, 8 என்று ஏற்றி வைக்கிறது. சலாதுக்கு வேண்டியது 5.5 முதல் 6.5 வரை. அதற்கு மேலே போனால் இரும்பும் மங்கனீசும் வேருக்கு எட்டாது.

ஆகவே முதற்செலவு இரண்டு மீற்றர்: ஒன்று ஈ.சி. (தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு) பார்க்க, மற்றது பீ.எச். பார்க்க. பேனை அளவிலுள்ள மலிவானவை போதும், ஆனால் பீ.எச். மீற்றரை அதோடு வரும் திருத்தற் கரைசலில் மாதம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஈ.சி. மீற்றர் பி.பி.எம். என்று காட்டினால் அது எந்தக் கணக்கு என்று பாருங்கள், சிலவற்றில் 1.0 ஈ.சி. என்பது 500, சிலவற்றில் 700. இது தெரியாமல் உரம் போட்டுக் கருக்கியவர்கள் உண்டு.

கிணற்றுத் தண்ணீரை உரம் எதுவும் சேர்க்காமல் அளவுங்கள். ஈ.சி. 0.7க்குக் கீழே இருந்தால் தாராளமாகப் பாவிக்கலாம். 0.7க்கும் 1.5க்கும் இடையில் என்றால் பாதிக்குப் பாதி மழைத்தண்ணீர் கலக்க வேண்டும். 1.5ஐத் தாண்டினால் அது சவர். எந்த உரம் போட்டும் பயனில்லை, மழைத்தண்ணீரை மட்டும் நம்புங்கள். புரட்டாதியில் ஒருமுறை, மாரி முடிய ஒருமுறை அளந்து வையுங்கள். கோடை கடைசியில் பல கிணறுகளில் உப்பு ஏறிவிடும்.

மழைத்தண்ணீர் பெரிய காரியமில்லை. 20 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் கணக்குக்கு 200 லீற்றர். சிந்தியது, கூரை கழுவியது போக ஒரு நீலப் பரலின் பெரும்பகுதி நிரம்பும். முதல் மழையை விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். கிணற்றுத் தண்ணீரைப் பாதி கலப்பதிலும் ஓர் இலாபம் உண்டு: மழைத்தண்ணீரில் இல்லாத கல்சியம் அதில் கிடைக்கும்.

கலந்த பிறகும் பீ.எச். உயர நின்றால் அமிலம் வேண்டும். தேசிக்காய்ப் புளியும் சிற்றிக் அமிலமும் இரண்டு மூன்று நாளில் நுண்ணுயிர்கள் தின்று முடித்துவிடும், பீ.எச். பழைய இடத்துக்கு வந்துவிடும். பொஸ்போரிக் அமிலத்தை இவ்வளவு வன்மையான தண்ணீருக்குத் தேவையான அளவு ஊற்றினால் பொஸ்பரஸ் அளவு மீறும். மலிவான வழி, கடையில் வாங்கிய பாவிக்காத புது பற்றரி அசிட். பழைய பற்றரியிலிருந்து எடுத்ததைத் தொடவே வேண்டாம், அதில் ஈயம் இருக்கும். 10 லீற்றர் வாளியில் சோதியுங்கள். கையுறை போட்டு, ஊசிக் குழலால் 1 மில்லிலீற்றரைத் தண்ணீருக்குள் விட்டு, கலக்கி, அளவுங்கள். எப்போதும் தண்ணீருக்குள்தான் அமிலம்; அமிலத்துக்குள் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். தனிக் கிணற்றுத் தண்ணீர் என்றால் வாளிக்கு 5 மில்லிலீற்றர் வரை இழுத்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். பீ.எச். 6க்கு வந்ததும் நிறுத்தி, அடுத்த நாள் காலை திரும்ப அளவுங்கள், சிறிது ஏறியிருக்கும்.

குழாய் இப்போது வேண்டாம். மெல்லிய தண்ணீர்ப் படலம் ஓடும் அமைப்பில் மின்சாரம் நின்றால், நல்ல வெயிலில் அரை மணித்தியாலத்துக்குள் கன்று சோரும். வெயில் படுகிற குழாய்க்குள் தண்ணீரும் சூடேறும். மோட்டர் இல்லாத பெட்டி முறையில் இந்த இரண்டு கரைச்சலும் குறைவு. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் பேர்னாட் கிராட்கி விளக்கிய முறை என்பதால் கிராட்கி முறை என்பார்கள்.

மீன் சந்தையில் கழிக்கிற ரெஜிபோம் பெட்டி நான்கு எடுங்கள். உப்பும் கவிச்சும் போக நன்றாகக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். உள்ளே தடித்த கறுப்புப் பொலித்தீன் விரிக்க வேண்டும். வெளியே வெள்ளை எமல்ஷன் பெயின்ற் அடித்தால் பெட்டியும் உக்காது, சூடும் குறையும். உள்ளளவு 60 × 40 சென்ரிமீற்றர் என்றால் 20 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 48 லீற்றர் பிடிக்கும். மூடியில் ஆறு துளை, கன்றுக்கு 8 லீற்றர். சலாது ஒன்று வெட்டும்வரை குடிக்க அது போதும். துளைக்குள் யோகட் கப். பழுக்கக் காய்ச்சிய ஆணியால் கப்பின் அடியிலும் பக்கத்திலும் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போடுங்கள். கப்பின் விளிம்பு மூடியில் தாங்கும்படி துளையை ஒரு நூல் சிறிதாகவே வெட்ட வேண்டும். கப்புக்குள் தும்புச்சோறும் உமிக்கரியும் சமனாக. தும்புச்சோற்றில் உப்பு இருக்கும்; மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, கடைசித் தண்ணீர் ஈ.சி. 0.5க்குக் கீழே காட்டினால்தான் பாவியுங்கள்.

உரத்துக்கு இங்கே கடைகளில் கிடைக்கும் அல்பேட் தூள் போதும். லீற்றருக்கு 1 கிராமில் தொடங்கி, கலவை ஈ.சி. 1.4 முதல் 1.6 வரை காட்டும் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். போத்தலில் தடிப்பாகக் கரைத்து வைத்து ஊற்றலாம் என்று நினைக்க வேண்டாம். கல்சியமும் பொஸ்பேற்றும் நெருங்கினால் வெள்ளையாகத் திரண்டு அடியில் போய்விடும்.

சலாது விதை 30 பாகை வெப்பத்தில் முளைக்காமல் உறங்கிவிடும்; விதை பழுதென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். ஈரத் தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வைத்து, பிறகு நிழலில் மேலாகத் தூவுங்கள், மூட வேண்டாம். நாலு இலை விட்டதும் பெட்டிக்கு மாற்றலாம். அங்கிருந்து 30, 40 நாளில் வெட்டலாம்.

அநேகர் தோற்கிற இடம் நீர்மட்டம். தொடக்கத்தில் கப்பின் அடி 2 சென்ரிமீற்றர் தண்ணீருக்குள் நிற்கட்டும். வேர் இறங்க இறங்க மட்டமும் இறங்கும், மேலே வெறும் இடம் விழும். அந்த இடத்தில் பஞ்சு போல வெள்ளை வேர் விடும். அது காற்றை எடுக்கும் வேர். “தண்ணி குறைஞ்சு போச்சே” என்று பதறி மூடிவரை நிரப்பினால் அந்த வேர் மூச்சுமுட்டி, இரண்டு நாளில் கன்று வாடும். தண்ணீர் நிற்க வாடுவதால் பலருக்குக் காரணமே விளங்காது. கூட்ட வேண்டி வந்தால் மூடியிலிருந்து 10 சென்ரிமீற்றர் கீழேயே நிறுத்துங்கள். வெயில் நாளில் கன்று உரத்தைவிடத் தண்ணீரைத்தான் கூடக் குடிக்கும்; அதனால் கூட்டுவது வெறும் மழைத்தண்ணீராக இருக்கட்டும். மட்டம் ஏறக் கூடாது என்பதற்காகவே பெட்டிகள் வெளிச்சம் விடும் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு மாரி மழை போதும், எல்லாவற்றையும் நிரப்பிவிட.

பங்குனிக்குப் பிறகு இங்கே சலாது வேண்டாம். கரைசல் 28 பாகையைத் தாண்டினால் ஒட்சிசன் குறைந்து வேர் கபிலமாகி வழுவழுக்கும், அழுகல் தொடங்கும். பூந்தண்டும் எழும்பி இலை கசக்கும். மார்கழி தொடக்கத்தில் இரண்டு பெட்டிக்கும் தை தொடக்கத்தில் மற்ற இரண்டுக்கும் விதையுங்கள். பெட்டியைச் சீமெந்து நிலத்தில் வைக்காமல் கல்லின் மேல் தூக்கி வையுங்கள். மத்தியான வெயிலுக்கு 50 வீத நிழல் வலை, இல்லாவிட்டால் ஐதான கிடுகுப் பந்தல். கோடையில் கங்குன் தாங்கும், ஆனால் உங்கள் செம்மண்ணில் மிகக் குறைந்த செலவில் வருவதை எதற்குப் பெட்டியில் வளர்க்க வேண்டும்? பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதே மேல். இலை நுனி மட்டும் கருகினால் உரம் கூட்ட வேண்டாம்; புழுக்கத்தில் கல்சியம் நுனிவரை போகவில்லை என்று அர்த்தம், காற்றோட்டம் கொடுங்கள்.

நுளம்பையும் மறக்க வேண்டாம். மூடிக்கும் பெட்டிக்கும் இடையில் சிறு நீக்கல் இருந்தாலும் உள்ளே குடம்பி நெளியும். டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து மூடியைத் திறந்தால் உரக் கரைசல் என்று சொல்லித் தப்ப முடியாது. விளிம்பைச் சுற்றி அகலமான ரேப் ஒட்டுங்கள். மழைப்பரல் வாயை நுளம்பு வலையால் கட்டுங்கள்.

24 கன்றை எங்கே கொடுப்பது என்பதை விதைக்க முன்னமே பேசி வையுங்கள். சலாது வெட்டிய அன்றே போக வேண்டிய சாமான். நகரத்து உணவகம் ஒன்றிரண்டு, கிழமைக்கு ஆறு எடுத்தாலே உங்களுக்குப் போதும். ஒவ்வொரு பெட்டியிலும் கன்று எத்தனை லீற்றர் குடித்தது, எத்தனை நாளில் வெட்டினீர்கள் என்று கொப்பியில் எழுதுங்கள். குழாய்க்காரருக்கு மாசி கழிய, அந்தக் கொப்பியைப் பார்த்துப் பதில் சொல்லலாம்.

வெட்டிய பின் மிஞ்சும் கரைசலைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். சுண்ணாம்புக்கல் வெடிப்பால் அது நேரே கீழே இறங்கும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் ஏற்கனவே நைத்திரேற்றுக் கூட. கிணற்றுக்குத் தூரமாக நிற்கிற வாழைகளுக்கு, ஒரு நாளைக்கு ஒரு வாளி என்று பிரித்து ஊற்றுங்கள்.