ஸ்பிரின்ட் முடிகிறது, வேலை முடிவதில்லை

கேள்வி: கண்டியில் ஒரு சிறிய மென்பொருள் டீமுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஊர் ஹட்டன். என்னோடு சேர்த்து ஆறு பேர். கொழும்புக் கொம்பனி ஒன்றின் வழியாக மெல்பேர்ன் கிளையன்ட்டுக்கு வேலை செய்கிறோம். வேலையை இரண்டு வாரத் தவணைகளாகப் பிரித்துச் செய்கிறோம், ஒரு தவணைக்குப் பெயர் ஸ்பிரின்ட். ஒவ்வொரு தடவையும் பத்து ஸ்டோரி, அதாவது பத்து வேலைத் துண்டுகள், எடுத்து ஐந்தோ ஆறோதான் முடிக்கிறோம். மற்றதெல்லாம் 'தொண்ணூறு வீதம் முடிந்தது' என்று அடுத்த ஸ்பிரின்ட்டுக்குப் போகிறது. இந்த வேலை முறைக்குப் பெயர் ஸ்க்ரம். அதை வழிநடத்துபவருக்கான இரண்டு நாள் ஸ்க்ரம் மாஸ்டர் வகுப்புக்கு வந்தால் எல்லாம் சரியாகும் என்று ஒருவர் எழுபதாயிரம் ரூபா கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் தங்கச்சி. அவரைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் நீங்கள் அனுப்பிய போர்ட் படம், எந்த ஸ்டோரி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் பலகை. இரண்டாவது வாரத்துப் புதன்கிழமை எடுத்தது. முடிந்தது ஒன்று, செய்துகொண்டிருப்பது மூன்று, டெஸ்டிங்கில் ஆறு. டெஸ்ட் செய்வதோ ஒரே ஒரு பிள்ளை. வெள்ளிக்கிழமை ரிவியூ, முடித்ததைக் காட்டும் கூட்டம். அதற்குள் ஆறையும் பார்த்து, பிழை பிடித்து, திருத்தி வாங்கி, மறுபடியும் பார்க்க அந்தப் பிள்ளைக்கு எத்தனை கை வேண்டும்? உங்கள் டீம் சோம்பேறி டீம் இல்லை. திங்கட்கிழமையே ஆளுக்கு ஒரு ஸ்டோரியைத் தொட்டுவிட்டீர்கள், கோளாறு அவ்வளவுதான்.

அடுத்த ஸ்பிரின்ட்டில் டெஸ்டிங்கையும் சேர்த்து ஒரே நேரத்தில் மூன்று ஸ்டோரிக்கு மேல் திறக்காதீர்கள். டெஸ்டிங்கில் இரண்டு நின்றால், கோட் எழுதி முடித்தவர் புதிதாக ஒன்றை எடுக்காமல் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்காரட்டும். பார்க்கிறவர்களுக்குச் சும்மா இருப்பது போலத் தெரியும். மனேஜர் முறைப்பார். முறைக்கட்டும். முடிக்கும் வேகம் மாறாதபோது, கையில் கிடக்கும் வேலை இரண்டு மடங்கானால் ஒவ்வொரு வேலையும் முடிய எடுக்கும் நேரமும் இரண்டு மடங்காகும். 1961-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் லிட்டில் கணிதமாகவே நிறுவிக் காட்டியது இது, என் சொந்தக் கருத்து இல்லை.

தொண்ணூறு வீதக் கதையை விட்டுவிடுங்கள். கொழுந்து குறைந்தால் தேயிலைத் தோட்டத்தில் அரைப்பேராவது, அரைநாள் சம்பளமாவது, போடுவார்கள், ஸ்க்ரமில் அதுவும் கிடையாது. எது 'முடிந்தது' என்று டீம் எழுதி வைத்த வரையறைக்கு எட்டாத ஸ்டோரியை ரிவியூவில் காட்டக்கூட வேண்டாம், பொதுப் பட்டியலுக்கே திருப்பி அனுப்புங்கள் என்கிறது ஸ்க்ரமின் விதிகளைச் சொல்லும் 2020-ஆம் ஆண்டு ஸ்க்ரம் கைடு. உங்களிடம் அந்த வரையறை எழுத்தில் இல்லை என்று நினைக்கிறேன். இன்றைக்கே எழுதுங்கள்.

பத்து ஸ்டோரி என்ற கணக்கும் எங்கிருந்து வந்தது? ஆறு பேர், பத்து நாள், அறுபது ஆள்நாள் என்று யாரோ பெருக்கியிருக்கிறார்கள். மெல்பேர்ன் காலண்டரில் போயா என்ற பௌர்ணமி விடுமுறை இல்லை, நமக்கு மாதாமாதம் இருக்கிறது. அது வேலை நாளில் விழுந்தால் அங்கேயே ஆறு போச்சு. கூட்டங்களுக்கு ஆளுக்கு ஒரு நாள் வைத்தால் இன்னொரு ஆறு. ஒருவர் தீபாவளிக்குப் பதுளைக்குப் போனால் இரண்டு. மிச்சம் நாற்பத்தாறு. இந்தப் பெருக்கலே வேண்டாம் என்பேன். கடந்த மூன்று ஸ்பிரின்ட்டில் முழுதாக முடிந்தவற்றை எண்ணிப் பார்த்து, அதில் குறைந்ததை எடுங்கள். ஐந்து என்றால் ஐந்து. மூன்று நாளுக்கு மேல் இழுக்கும் ஸ்டோரியைப் பிளானிங்கிலேயே உடைத்துவிடுங்கள்.

கிளையன்ட்டிடம் சந்தேகம் கேட்பதானால் காலையிலேயே கேளுங்கள். நமக்குப் பகல் 12.30 என்றால் அங்கே மாலை 5, அவர்களுடைய கோடையில் 6. சாப்பிட்டுவிட்டுக் கேட்கும் கேள்விக்கு மறுநாள்தான் பதில் வரும்.

நடு ஸ்பிரின்ட்டில் புது வேலை சேர்க்காதீர்கள். இதற்கு ஒரே ஒரு விலக்கு, ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம் உடைவது. ஆட்கள் லொகின் பண்ண முடியவில்லை, பணம் இரண்டு தரம் வெட்டுப்படுகிறது, ஒருவரின் விபரம் இன்னொருவருக்குத் தெரிகிறது என்றால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுங்கள். பட்டன் நிறம் பிடிக்கவில்லை, பெரியவருக்கு நாளைக்கு டெமோ காட்ட வேண்டும் என்பதெல்லாம் இதில் சேராது. 'அவசரம்' என்று யாராவது வந்தால், திங்கள் வரை விட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் எடுங்கள், இழுத்தால் வரிசையில் போடுங்கள். எடுப்பதென்றால் அதே அளவு வேலை ஒன்றை வெளியே எடுத்துவிட்டு, எதை எடுத்தோம் என்று கிளையன்ட்டுக்கு அன்றைக்கே எழுதுங்கள். இதைப் பார்க்க வாரத்துக்கு ஒருவரை முறை போடுங்கள், ஆறு பேரும் பாயக் கூடாது.

இனி அந்த இடைக்காரர்கள். உங்கள் கடிதத்திலேயே கொழும்புக் கொம்பனி ஸ்டோரி பொயின்ட்டுக்கு, அதாவது ஒரு ஸ்டோரி எவ்வளவு பெரியது என்று டீம் போடும் புள்ளிக்கு, இவ்வளவு என்று கிளையன்ட்டுக்கு பில் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பத்து ஸ்டோரி அங்கேதான் பிறக்கிறது. பொயின்ட் என்ற சமாச்சாரமே ஸ்க்ரம் கைடில் இல்லை. டீம் தனக்குள் மதிப்புப் பார்க்க வைத்துக்கொண்டதை விலைச் சீட்டாக்கினால் மூன்று பொயின்ட் வேலை ஐந்தாகும், ஐந்து எட்டாகும், எல்லாரும் வேகமாகப் போவது போலத் தெரியும், மென்பொருள் மட்டும் வெளியே வராது. எடுத்த அத்தனையையும் முடிப்பதாகச் சத்தியம் செய்யச் சொல்வதும் பழைய பழக்கம்தான். எடுக்கும் வேலைகள் வெறும் மதிப்பீடு என்று 2011-லேயே கைடைத் திருத்திவிட்டார்கள். இன்று டீம் பொறுப்பேற்பது அந்த ஸ்பிரின்ட்டின் நோக்கத்துக்குத்தான். கண்டியில் பிள்ளைகள் இரவு பதினொரு மணிவரை உட்காருவது எவருடைய பில்லுக்காக என்று கணக்குப் போட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எழுபதாயிரக்காரர் விஷயத்துக்கு வருவோம். ஸ்க்ரம் கைடு இலவசம், பதினைந்து பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஒரு மாலையில் டீமோடு உட்கார்ந்து வாசிக்கலாம். வேலை மாற்றத்துக்குச் சான்றிதழ் தேவை என்றால் ஸ்க்ரம் டொட் ஓர்க் (Scrum.org) என்ற அமைப்பின் பிஎஸ்எம் I (PSM I) பரீட்சை இருக்கிறது. 80 கேள்வி, 60 நிமிடம், 85 வீதம் எடுத்தால் தேர்ச்சி. வகுப்புக்குப் போகத் தேவையில்லை, வீட்டிலிருந்தே எழுதலாம், காலாவதியும் ஆகாது. ஸ்க்ரம் அலையன்ஸ் என்ற இன்னோர் அமைப்பின் சான்றிதழுக்கு வகுப்புக் கட்டாயம், இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்கவும் வேண்டும். அப்படி வகுப்பு நடத்த அந்த அமைப்பே அங்கீகரித்த பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், பெயர்கள் அவர்களுடைய தளத்திலேயே கிடக்கின்றன. உங்களிடம் பணம் கேட்டவரின் பெயரை அங்கே தேடிப் பாருங்கள். 'கேள்வித்தாளும் தருகிறேன்' என்று அவர் வாட்ஸ்அப்பில் சொன்னால் தேடவே தேவையில்லை, நம்பரை பிளொக் பண்ணிவிடுங்கள்.