‘பாய்காட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் என்ன, அதை எங்கே பயன்படுத்த வேண்டும்?

எதிர்ப்பைக் காட்டுவதற்காக ஒருவருடனோ ஒரு நிறுவனத்துடனோ கொடுக்கல் வாங்கலைத் திட்டமிட்டு நிறுத்திக்கொள்வதே ‘பாய்காட்’. தமிழில் புறக்கணிப்பு என்கிறோம்.

இது ஒரு மனிதரின் பெயர். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களை நிர்வகித்த சார்லஸ் பாய்காட், 1880-இல் குத்தகையைக் குறைக்கக் கோரிய விவசாயிகளை வெளியேற்ற முயன்றார். அடிதடியில் இறங்காமல், ஊரே அவரை ஒதுக்கியது: கூலியாட்கள் வயலுக்குப் போகவில்லை, கடைக்காரர்கள் பொருள் விற்கவில்லை, கடிதம்கூட ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலிருந்து சுமார் 50 பேர் வந்து, படைவீரர்களின் காவலில் அவருக்காக அறுவடை செய்தனர். காவலுக்கு ஆன செலவோ விளைச்சலின் மதிப்பைவிடப் பல மடங்கு. அவ்வாண்டு முடிவதற்குள் அப்பெயர் நாளிதழ்களில் வினைச்சொல்லாகிவிட்டது; பிரெஞ்சும் ஜெர்மனும் அதை எடுத்துக்கொண்டன. பாவம், அவருக்கு இப்படியொரு புகழ்!

பெயர்ச்சொல், வினைச்சொல் இரண்டாகவும் இது வரும். வினையாக வரும்போது, ‘தே பாய்காட்டட் தி எலக்‌ஷன்’ என்பதுபோல, புறக்கணிக்கப்படுவது நேரடியாகப் பின்தொடரும். இடையில் ‘ஃப்ரம்’, ‘அகெய்ன்ஸ்ட்’ சேர்ப்பது பிழை. பெயராக வரும்போது ‘எ பாய்காட் ஆஃப் தி எலக்‌ஷன்’ எனலாம்.

தொழிலாளர் தம் வேலையை நிறுத்துவது ‘ஸ்ட்ரைக்’. அரசு ஆணையிட்டுத் தடுப்பது ‘பேன்’. ‘பாய்காட்’ என்பதோ, விலகி நிற்பவர் தாமாக முன்வந்து செய்வது. ஆகவே, கூட்டத்துக்கு வர மறந்தவரையோ, வர விரும்பாமல் சும்மா இருந்தவரையோ பற்றி இச்சொல்லைப் பயன்படுத்துவது பொருந்தாது.