பம்ப்பைக் கழற்றும் முன் பிரஷர் கேஜை மாட்டுங்க: ஹைட்ராலிக், பிரேக் கேள்வி பதில்

எண்ணூர், பேக்ஹோ (மண் தோண்டி அள்ளும் வண்டி) ஆபரேட்டர்: அண்ணே, காலையில வண்டி நல்லா இழுக்குது. வெயில் ஏறினா பூம், பக்கெட், லோடர் எல்லாமே சோர்ந்துடுது. பம்ப் போயிடுச்சுன்னு மெக்கானிக் சொல்றார். மாத்திடலாமா?

அவசரப்படாதீங்க தம்பி. எல்லா அசைவும் சேர்ந்து சோர்ந்தால் கோளாறு பொதுவான இடத்தில்தான்: டேங்க், சக்ஷன் லைன் (டேங்கிலிருந்து பம்ப்புக்கு ஆயில் போகும் குழாய்), பம்ப், மெயின் ரிலீஃப் வால்வு (அழுத்தம் எல்லை மீறாமல் ஆயிலைத் திருப்பி விடுவது). ஒன்று மட்டும் சோர்ந்தால் அந்தச் சிலிண்டர், அதன் ஸ்பூல் (லீவர் அசைக்கும் வால்வுத் தண்டு), அதன் ரிலீஃப்.

முதலில் ஆயில் ஏன் இவ்வளவு கொதிக்குதுன்னு பாருங்க. உங்க பக்கம் நிலக்கரித் தூளும் சாம்பலும் கூலர் ஃபின்களில் அடைத்துக்கொள்ளும். வெளியே இருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், உள்வரிசை அடைத்திருக்கும். ஃபேன் காற்று போகிற திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஊதுங்க. டேங்க் ஆயில் 80 டிகிரியைத் தாண்டியே ஓடிக்கொண்டிருந்தால் சீல் இறுகிப்போகும், ஆயிலும் சீக்கிரம் கெடும்.

அப்புறம் மெயின் டெஸ்ட் பாயிண்டில் 400 பார் கேஜ். பக்கெட்டைக் கடைசி வரை மடக்கி, லீவரை இரண்டு மூன்று விநாடி மட்டும் பிடிங்க. ஆயில் ஆறியிருக்கும்போது ஒரு தடவை, சூடான பிறகு ஒரு தடவை. இரண்டு தடவையும் மேனுவலில் போட்டிருப்பதைவிடக் குறைவா? ரிலீஃப் வால்வைக் கழற்றிப் பாருங்க; சீட்டில் தூசி உட்கார்ந்திருக்கும், இல்லை ஸ்பிரிங் உடைந்திருக்கும். ஆறியபோது சரியாக இருந்து சூட்டில் விழுகிறதா? ஆயில் நீர்த்துப்போய் உள்ளுக்குள்ளேயே கசிகிறது. பம்ப் மேல் சந்தேகப்படலாம். பிரஷர் சரி, வேகம்தான் இல்லை என்றால் பம்ப் தள்ளுகிற ஆயில் போதவில்லை. பம்ப்பைக் குறை சொல்லும் முன் சக்ஷன் ஸ்ட்ரெய்னரை (சக்ஷன் லைன் வடிகட்டி) பார்க்கணும். கேஜ் மாட்டாமல் ரிலீஃபை இறுக்கிவிடுவது நம்ம ஊர்ப் பழக்கம். ஹோஸ் வெடிப்பதற்கு அதுவே வழி.

திருவொற்றியூர்: ஹைட்ராலிக் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கு. தண்ணியா, காத்தா?

கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசைக்காமல் வையுங்க. சிறிது நேரத்தில் அடியிலிருந்து தெளிந்து வந்தால் காற்று. மறுநாளும் வெளுப்பாகவே இருந்தால் தண்ணீர்.

காற்று என்றால் டேங்க் லெவலைப் பார்த்துவிட்டு, சக்ஷன் ஹோஸ் கிளாம்ப் ஒவ்வொன்றிலும் கிரீஸைத் தடவுங்க. எந்த இடத்தில் தடவியதும் பம்ப் சத்தம் மாறுகிறதோ, அங்கேதான் காற்றை இழுக்கிறது. தண்ணீர் என்றால் பிரீதர் (டேங்கின் காற்றுத் துளை மூடி), ஃபில்லர் மூடி வாஷர், துருப்பிடித்த சிலிண்டர் ராட் வழியாக வந்திருக்கும். கடற்கரை யார்டுகளில் ராட் குரோம் புள்ளி புள்ளியாக அரித்து, ராட்டைத் துடைக்கும் வைப்பர் சீலைக் கிழித்துவிடும். ராட் வெளியே நீட்டியபடி வண்டியை நாள்கணக்கில் நிறுத்தாதீங்க. டேங்க் ஆயிலை மட்டும் மாற்றினால் சிலிண்டரிலும் லைனிலும் நிற்கிற பழையது திரும்பக் கலந்துவிடும்.

தண்டையார்பேட்டை: ஹோஸ்ல ஊசி ஓட்டை. எந்த இடம்னு கையால தடவிப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. அட்டையைக் காட்டிப் பாருங்க. அந்த ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம் என்று விட்டால் விரல் போகும். உடனே ஆஸ்பத்திரி, பக்கத்திலேயே ஸ்டான்லியில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கு. அழுத்தத்தில் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கு என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்க.

மணலி, கன்டெய்னர் டிரெய்லர்: சார், பின்னாடி ரிலே வால்வுல (பின் பிரேக்குக்குக் காத்து அனுப்புற வால்வு) உஸ்ஸுன்னு காத்து போகுது. வால்வு மாத்தியாச்சு, சத்தம் நிக்கல.

ஹேண்ட் பிரேக் எடுத்திருக்கும்போது சத்தம் வந்து, போட்டதும் நிற்கிறதா? அப்படியானால் வால்வு மேல் பழியில்லை. ஸ்பிரிங் பிரேக் சேம்பரில் ஒரு அறை ஹேண்ட் பிரேக் ஸ்பிரிங்குக்கு, இன்னொன்று பெடல் பிரேக்குக்கு (சர்வீஸ் பக்கம்); இரண்டு அறைக்கும் நடுவே இருக்கும் ராட் சீல் கசிகிறது. அந்தக் காற்று சர்வீஸ் பக்கம் வந்து, ஹோஸ் வழியே திரும்பி, ரிலே எக்ஸாஸ்டில் வெளியேறுது.

எந்தச் சேம்பர்? சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை போட்டு, டேங்கில் காற்றை நிரப்பி இன்ஜினை நிறுத்துங்க. ஹேண்ட் பிரேக் எடுத்த நிலையில், பெடலை யாரும் மிதிக்காமல், ஒவ்வொரு சேம்பரிலும் சர்வீஸ் ஹோஸை மட்டும் கழற்றுங்க. எந்தச் சேம்பர் வாயில் காற்று வருதோ, அதுதான். மாற்றும் முன் கேஜிங் போல்ட்டைப் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் நீள போல்ட்) போட்டு ஸ்பிரிங்கை அடக்கணும். ஸ்பிரிங் பக்கக் கிளாம்ப்பை எந்த நிலையிலும் திறக்காதீங்க, ஆளைக் கொல்லும் விசை அதில் இருக்கு.

ஹேண்ட் பிரேக் போட்டாலும் எடுத்தாலும் சத்தம் நிற்கவில்லை என்றால் ரிலே வால்வு சீட்டில் அழுக்கு. புது வால்விலும் இது வரும், டேங்க் தண்ணீரை வடிக்காவிட்டால். வடிக்கும்போது கறுப்பு ஆயில் சேர்ந்து வந்தால் கம்ப்ரஸர் ரிங்கையும் டிரையர் கார்ட்ரிட்ஜையும் பாருங்க.

மாதவரம்: லாரி பிரேக்ல ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டர்தான், லைனர் தேயத் தேய தானே இடைவெளியைச் சரி பண்ணிக்கணும். ஆனா அடிக்கடி கையால திருக வேண்டியிருக்கு.

திருகத் தேவை வருவதே கோளாறுதான். 6 முதல் 7 பார் காற்றில் பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லி, சேம்பரின் புஷ் ராட் (அட்ஜஸ்டரைத் தள்ளும் தண்டு) எவ்வளவு வெளியே வருதுன்னு அளங்க. சாதாரண டைப் 30 (அளவு) சேம்பருக்கு 2 அங்குலம், அதாவது 50 மில்லிமீட்டர்தான் எல்லை. தாண்டினால் கிளெவிஸ் பின் (புஷ் ராட்டை அட்ஜஸ்டரோடு இணைப்பது), எஸ்-கேம் (லைனரை விரிக்கும் தண்டு) புஷ், லைனர், டிரம் தேய்மானம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் அட்ஜஸ்டரைக் குறை சொல்லணும்.

காசிமேடு: பேக்ஹோ பிரேக் டப்பாவுல எண்ணெய் குறையுது. வெளியே எங்கேயும் ஒழுகல. டாட் 3 பிரேக் ஆயில் ஊத்தி ஓட்டலாமா?

மூடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் ஊத்தாதீங்க. ஆயிலுக்குள் மூழ்கிய பிரேக் உள்ள பல வண்டிகளுக்கு மினரல் எண்ணெய்தான். அதில் டாட் 3 கலந்தால் சீல் அத்தனையும் கெடும். டாட் 3 கேட்கிற வண்டியில் மினரல் எண்ணெய் போனால் ரப்பர் உப்பிப்போகும்.

வெளியே ஒழுகாமல் குறைந்தால் ஆக்சிலுக்குள் போகுது. ஆக்சில் லெவல் பிளக்கைத் திறந்து பாருங்க. ஆயில் வழிந்து கொட்டினால் பிரேக் பிஸ்டன் சீல் போயிருக்கு. சீலோடு ஆக்சில் ஆயிலையும் மாற்றணும். அதுவரை வண்டி யார்டை விட்டு வெளியே வரக்கூடாது.