கழுவுவது சரி, எந்தத் தண்ணீரில்?

கேள்வி: உச்சிப்புளியில் இருக்கிறேன். உயரம் 5 அடி 4 அங்குலம். தினமும் வேலைக்கு ராமநாதபுரம் போய்வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பனங்காட்டுப் பாதைகளிலும் கடற்கரைப் பக்கமும் ஓட்ட ஆசை. ராமேஸ்வரத்தில் நாலு வருஷம் ஓடிய ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? என் உயரத்துக்குச் சரிப்படுமா? ரோட்டுக்கும் மணலுக்கும் ஒரே டயர் போதுமா? வாரம் இரண்டு தடவை வாட்டர் சர்வீஸ் விட்டால் உப்புக் காற்றைத் தாங்குமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வண்டி எத்தனை வருஷம் வரும் என்பது அதில்தான் இருக்கிறது. வாரம் இரண்டு தடவை கழுவுவது நல்ல பழக்கம். ஆனால் எந்தத் தண்ணீரில்?

நம் கரையோர ஊர்களில் பாதிக்கு மேல் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. சோப்புப் போட்டால் நுரை வராது. அதே தண்ணீரைத்தான் சர்வீஸ் கடையிலும் மோட்டார் வைத்துப் பீய்ச்சுகிறார்கள். காற்றில் வந்து ஒட்டிய உப்பைக் கழுவ, அதைவிட அதிகமான உப்பை அழுத்தத்தோடு உள்ளே செலுத்துகிறோம். காற்று கொண்டுவரும் உப்பு மேலே படிவதோடு சரி. பீய்ச்சும் தண்ணீர் பேரிங் சீலைத் தாண்டும், ஒயர்களை இணைக்கும் கப்ளருக்குள் போகும், ஸ்போக்கை ரிம்மோடு முடுக்கும் நிப்பிளுக்குள் இறங்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒன்றரை வருஷம் ஒரே கடையில் விடாமல் கழுவிய வண்டி, ஏர்வாடி போகும் வழியில் பின்சக்கரம் இறங்கிவிட்டது. கருவேல முள்ளாக இருக்கும் என்று டயரைச் சுற்றிச் சுற்றித் தடவினேன், ஒன்றும் இல்லை. டியூபைக் கழற்றிக் காற்றடித்துப் பார்த்தால் ஓட்டை ரிம் பக்கம் இருந்தது. ரிம் டேப்பை உரித்தபோது உள்ளே நிப்பிள் தலைகள் எல்லாம் செம்மண் நிறத்தில் பொருக்குத் தட்டிக் கிடந்தன. அதில் ஒன்று டேப்பை அரித்துக்கொண்டு டியூபைக் குத்தியிருந்தது. வெளியே வண்டி கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது என்பதுதான் கொடுமை.

காரணம் எளிது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். நம் பக்கம் ராத்திரியில் அது சாதாரணம். காலையில் சீட்டைத் தொட்டால் பிசுபிசுக்கிறதே, அதுதான். ராத்திரி கரைந்து பகலில் காயும். கரைந்திருக்கும் நேரமெல்லாம் இரும்பைத் தின்னும். வண்டி ஓடாமல் நின்றாலும் இந்த வேலை நடந்துகொண்டே இருக்கும்.

அதற்காக விலைக்கு வாங்கும் குடிதண்ணீரை வண்டிக்கு ஊற்றச் சொல்லவில்லை. வீட்டில் திட்டு விழும். சேறு, மணலை போர் தண்ணீரிலேயே போக்குங்கள், ஆனால் பிரஷரில் வேண்டாம், பைப்பில் மெதுவாக விட்டால் போதும். கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில். செடிக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பான் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்; குழாயில் வரும் காவிரித் தண்ணீர் அரை வாளியில் வண்டி முழுக்க முடிந்துவிடும். ஸ்போக் வேர்கள், முன்ஃபோர்க்கின் பளபளப்பான குழாய், பின் சஸ்பென்ஷன் இணைப்புகள், செயின், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் ஆகிய இடங்களை மட்டும் விடாதீர்கள். பிறகு பத்து நிமிடம் ஓட்டி, இரண்டு பிரேக்கையும் பிடித்துக் காயவையுங்கள். ஈரத்தோடு தார்ப்பாய் போட்டு மூடுவது ஊறுகாய் போடுவதற்குச் சமம்.

அடியில் பழைய இன்ஜின் ஆயிலைத் தடவும் வழக்கம் நம் ஊரில் உண்டு. வேண்டாம். மணலை ஒட்டவைக்கும், ரப்பரைக் கெடுக்கும். ஒயர் கப்ளர்களைப் பிரித்து மின் இணைப்புகளுக்கென்று உள்ள டை-எலக்ட்ரிக் கிரீஸ் வைப்பதும், வருஷம் ஒருமுறை பின் சஸ்பென்ஷன் இணைப்புகளைக் கழற்றி கிரீஸ் போடுவதும் போதும். செயினுக்கு மெல்லிய ஆயில் விட்டு, கால் மணி நேரம் கழித்துத் துணியால் துடைத்துவிடுங்கள். மேலே வழவழப்பு மிஞ்சினால் மணல் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி பல்சக்கரத்தைத் தேய்க்கும்.

சரி, ராமேஸ்வரத்து வண்டிக்கு வருவோம். தீவில் நாலு வருஷம் என்பது மதுரையில் எட்டு வருஷத்துக்குச் சமம் என்று வைத்துக்கொண்டுதான் நான் விலை பேசுவேன். பெயின்டைப் பார்க்காதீர்கள். டார்ச்சோடு போய், முன்ஃபோர்க் குழாயை நகத்தால் கீழிருந்து மேலாக வருடுங்கள். நகத்தில் சொரசொரவென்று புள்ளிகள் தட்டினால் ஆயில் சீல் எத்தனை மாற்றினாலும் ஒழுகும். ஸ்போக் சாவியால் ஒரு நிப்பிளை அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். திரும்பாமல் இறுகிக் கிடந்தால் சக்கரத்தைப் பிரித்துக் கட்டும் செலவையும் கணக்கில் சேருங்கள். இரண்டிலும் தேறினால் வாங்கலாம். இல்லையென்றால் மதுரைப் பக்கம் தேடுங்கள், ஐந்தாயிரம் கூடக் கொடுத்தாலும் லாபம்தான்.

உயரத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். அந்த வண்டியின் சீட் உயரம் சுமார் 825 மில்லிமீட்டர். எடை 160 கிலோவுக்குள். உங்களுக்கு இரண்டு காலும் முழுதாக ஊன்றாது, ஒரு பக்கம் சற்றுச் சரிந்து ஒரு காலை ஊன்றப் பழகினால் போதும். சஸ்பென்ஷனைத் தாழ்த்திக் கொடுக்கிறேன் என்பவரிடம் போகாதீர்கள். தரைக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள அந்த 220 மில்லிமீட்டருக்காகத்தானே இதை வாங்குகிறோம்! உயரமான வண்டி என்பதால் கவனிக்க வேண்டியது வேறு: காற்று. கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் பாம்பன் பாலத்தில் பஸ் ஒன்று உங்களைக் கடந்தால், ஒரு நொடி காற்று நின்றுபோகும், அடுத்த நொடி ஓங்கி அறையும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பவர்தான் அங்கே தடுமாறுவார். முழங்காலால் டேங்கை அணைத்து, கையைத் தளர்த்தி, ஐம்பதுக்குள் போங்கள்.

டயர் ஒன்றே போதும், காற்றுதான் இரண்டு விதம். ரோட்டில் வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு. பனங்காட்டு மணலில் இறங்கும்போது 18 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள். டியூப் டயர் என்பதால் அதற்கும் கீழே போனால் டயர் ரிம்மில் வழுக்கி, டியூபின் வால்வு பிய்ந்துவிடும். திரும்ப ரோடு ஏறும் இடத்தில் கைப்பம்பால் அடித்துக்கொள்ளுங்கள், சோம்பல் படாதீர்கள்.

மணலில் எழுந்து நின்று, எடையைச் சற்றுப் பின்னால் வைத்து, ஆக்சிலேட்டரை ஒரே சீராகக் கொடுக்க வேண்டும். முன்சக்கரம் பாம்பு மாதிரி நெளியும், நெளியட்டும். அதை நேராக்கப் பார்த்தால்தான் விழுவீர்கள். புதைந்தால் ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள். சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டும், கிளட்ச் கருகும். இறங்கி வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, குழியை மணலால் மூடி, நிமிர்த்தித் தள்ளிக்கொண்டே எடுங்கள். நிறுத்தும்போது சைடு ஸ்டாண்டுக்கு அடியில் பனைமட்டையின் அகலமான அடித்துண்டு ஒன்றைப் போட்டால் இறங்காது.

எங்கே ஓட்டுவது? கீழக்கரைக்கு மேற்கே சாயல்குடி வரை பனங்காட்டு வண்டிப்பாதைகள், கோடையில் வற்றிய கண்மாய்க் கரைகள், இவையே வருஷத்துக்குப் போதும். ஐப்பசி மழைக்குப் பிறகு கண்மாய்ப் பக்கம் வேண்டாம். கரம்பை மண் மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். உப்பங்கழி ஓரத்தில் வெள்ளை பூத்த தரை தார் ரோடு மாதிரி தெரியும். மேலே அரை அங்குலப் பொருக்கு, கீழே கறுப்புச் சேறு. முதலில் இறங்கிக் காலால் மிதித்துப் பாருங்கள்.

தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை ரோட்டில் மட்டும் போங்கள், மணலில் இறக்கவே வேண்டாம். பூநாரைகளுக்காக 2025 ஜூனில் அங்கே சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். தை தொடங்கி பங்குனி வரை கடலாமை முட்டையிடும் கரை வேறு. அலை ஓரத்து ஈர மணல் கெட்டியாக இருக்கிறதே என்று மற்றக் கரைகளிலும் தோன்றும். அது சக்கரம் முழுக்க கடல் தண்ணீர். வடகடலானாலும் தென்கடலானாலும் நான் இறக்குவதில்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. முன்சக்கரம் 21 அங்குலம். கிராமத்துப் பஞ்சர் கடையில் அந்த டியூப் கிடைக்காது. ஒரு 21 அங்குல டியூபும் டயர் கழற்றும் லீவர் இரண்டும் எப்போதும் கூடவே இருக்கட்டும். அவசரத்துக்கு அதையே மடித்து 18 அங்குலப் பின்சக்கரத்திலும் போட்டு வீடு வந்து சேரலாம். முள் குத்தினால் டியூபை மாற்றுமுன் டயரின் உள்பக்கம் துணியை விட்டுச் சுற்றுங்கள். கருவேல முள் முனை ஒடிந்து உள்ளேயே நிற்கும். வெறும் விரலை விட்டால் விரல்தான் பஞ்சர்.